கடைசியாக வந்த தேதி

மண்டபம் கேம்ப் பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே, மாடியில் என் கிளினிக்.
கரண்டு போய் ஜன்னலைத் திறந்தால் கருவாடு.
ஆறு வருடம், இருநூற்றுப் பதினான்கு திருகுகள்,
ஒரு நீள நோட்டு.
பெயர், தாடை, தேதி, முறுக்கிய விசை,
கடைசிக் கட்டத்துக்கு இரண்டே சொல்:
நின்றது. விழுந்தது.

கம்பெனிக்காரன் தந்த வழவழத் தாளில்
நூற்றுக்குத் தொண்ணூற்றேழு நிற்கும்.
அந்தத் தாளில் பீடி இல்லை,
வெறும் வயிற்றில் இருநூற்று எண்பது சர்க்கரை இல்லை,
டீயில் நனைந்த பொறை மாதிரி
அமுங்கும் மேல்தாடை இல்லை.

சந்தியாகு. கீழ்த்தாடை, இடது, இரண்டு.
நாலாம் வருடம் வலை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்தவர்
பாம்பன் கரைக்கு உயிரோடு வரவில்லை.
முந்தின மாதம்தான் படம் எடுத்திருந்தேன்,
எலும்பு இம்மியும் இறங்கவில்லை.
'நின்றது' என்று எழுதிவிட்டு
கை கழுவப் போனேன்.

அபூசாலிஹ் மரைக்காயர், கீழக்கரை.
மூன்று திருகு, பாதிப் பணம், ஷார்ஜா.
எண் உபயோகத்தில் இல்லை.
எந்த ஊர்த் தொட்டியில் துப்பினாரோ,
இந்நேரம் ஆட்டெலும்பு கடித்துக்கொண்டிருக்கிறாரோ.
இப்படி வெள்ளையாகக் கிடக்கும் கட்டங்கள் முப்பத்தொன்று.
அவற்றைக் கூட்டாமல் விட்டால்
நான் நல்ல டாக்டர்.

இன்று நம்புச்செல்வி வந்தாள்,
நண்டுக் கம்பெனியில் எடை போடுகிறவள்.
டோக்கன் வாங்கவில்லை.
பாலித்தீன் பையை அவிழ்த்துத்
திருகை மேசைமேல் வைத்தாள்.
"இட்லி திங்கும்போது வந்துருச்சு டாக்டர். இட்லி."
நண்டுக் காலைக் கடித்திருந்தாலாவது
சொல்லிக்கொள்ள ஒன்று இருந்திருக்கும்.

நூற்றில் மூன்று பேருக்கு, என்று ஆரம்பித்தேன்.
"அந்த மூணு பேரும் நாந்தானா?"

விசை முப்பத்தைந்து, சரி.
சர்க்கரை சரி. புகை இல்லை.
எலும்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.
எப்படிச் சொன்னாலும்
அவளைக் குறை சொன்னதுபோலவே வருகிறது.

உள்ளங்கையில் வைத்து
கண்ணை மூடி ஏந்திப் பார்த்தாள்.
"அரை கிராம் வராது.
இதுக்கா மூணு மாசச் சம்பளம்."

நாலு மாதம் கழித்து மறுபடி போடலாம்,
பணம் வேண்டாம் என்றேன்.
யோசிக்கிறேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
பொத்துகிற பழக்கம்
போன வருடம்தான் அவளை விட்டிருந்தது.

அவள் படியிறங்கியதும் நோட்டைத் திறந்து
எழுத வேண்டியதை எழுதினேன்.
கீழே ராமேஸ்வரம் பஸ் ஹாரன் அடித்தது.
மேசையில் தேடினேன், தரையில் தேடினேன்.
திருகை அவளே எடுத்துப் போயிருக்கிறாள்.