பக்கம் 212

முதலில் ஆண்டைத்தான் மாற்றினேன்.
எழுபத்து மூன்று அல்ல, எழுபத்து நான்கு.
தலைப்புப் பக்கத்தின் பின்புறம்
எறும்பளவு எழுத்தில் இருக்கிறது.
பிறகு, அட்டையில் உள்ளது கடற்காகம் அல்ல,
சிப்பிபிடிப்பான். அலகு சிவப்பு.
ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

பகலில் கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
மீன்பெட்டிகளுக்கு எடை போடுகிறேன்.
ஐம்பது கிராம் பிசகினாலும்
படகுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.
அந்தக் கை
இரவிலும் சும்மா கிடப்பதில்லை.

'ஏழாம் துடுப்பு' நாவலுக்கு
இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பதிவு,
எங்கள் தீவு மொழியில், அறுநூறு சொற்கள்.
அதைப் படிப்பவர்கள் எல்லாரும்
ஒரே படகில் கொள்வார்கள் என்பான் தம்பி ஃப்ரோடி.
கொள்ளட்டுமே. படகிலும் தலைக்கணக்கு உண்டு.

பிப்ரவரியில் ஒருவர் வந்தார்.
பெயரில்லை, வெறும் எண்கள்,
முடிவில் நாற்பத்தேழு.
கதைச் சுருக்கத்தின் கடைசி வரியில்
'ரோயி மூழ்கி இறந்தான்' என்றிருந்ததை
'ரோயி திரும்பவில்லை' என்றாக்கினார்.

மாற்றியதை மாற்றினேன். காரணம்: சான்று இல்லை.
மறுநாள் திரும்பவில்லை.
அதற்கு மறுநாள் மூழ்கினான்.
ஒன்பது இரவுகள்
அந்தப் பையனை நான் தண்ணீரில் அமுக்குவதும்
அவர் முடியைப் பிடித்துத் தூக்குவதுமாக.

பத்தாம் இரவு ஒரு குறிப்பு வைத்தார்:
'பக்கம் 212. மெதுவாக.'

அந்த 'மெதுவாக'தான் சுருக்கென்றது.
எனக்கா படிக்கத் தெரியாது?
எடுத்தேன். ஈரம் குடித்து உப்பிய புத்தகம்.

பக்கம் 212இல் படகு கரைக்கு வருகிறது.
ஆறு துடுப்புகளில் தண்ணீர் சொட்டுகிறது.
ஏழாவது காய்ந்திருக்கிறது.
அம்மாக்காரி அதை வாங்கிச் சுவரில் சாய்க்கிறாள்.
உருளைக்கிழங்கை எண்ணி உலையில் போடுகிறாள்,
நால்வர் இருக்கும் வீட்டில்
ஐவருக்கு.
அவ்வளவுதான்.
கடல் என்ற சொல்கூடக் கிடையாது.

அப்படியென்றால் மூழ்கடித்தது யார்?
பழைய திருத்தங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்,
நவம்பர், அதிகாலை இரண்டு பத்து.
பயனர்: மார்யுன்.
நான்.

அந்த நவம்பர் தெரியும்.
அப்பாவின் படகைத் தேடுவதை நிறுத்திய வாரம்.
அலுவலகத்தில் ஒரு படிவம் தந்தார்கள்,
ஒரு கட்டம் காலியாக இருந்தால்
காப்பீடு நகராது என்றார்கள்.
ஃப்ரோடி பேனாவைத் தொடவில்லை,
எழுந்து வெளியே போய்விட்டான்.
நான் எழுதினேன், அழகான கையெழுத்தில்.
கை அதோடு நிற்காமல்
இந்தப் பதிவுக்கும் வந்திருக்கிறது.

இரண்டு சொல் எடுத்து ஒரு சொல் வைத்தேன்.
நாற்பத்தேழு யாரென்று கேட்கவில்லை.
பக்க எண்ணிக்கையும் தவறு, 231 என்று திருத்தினேன்.
சேமிக்கும் முன்
இது சிறு திருத்தமா என்று
ஒரு கட்டம் கேட்டது.

முதல் படகின் விளக்கு தெரியும்வரை
குறியிடாமல் வைத்திருந்தேன்.