அரை அம்புகள்

"சமநிலையில் தாக்கம் நின்றுவிடும்"
என்று எழுதியிருந்தேன்.
சிவப்புப் பேனா கடைசிச் சொல்லை மட்டும் வெட்டி
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது.
இரண்டு புள்ளி போயிற்று.

எனக்கு இது செக்கண்ட் ஷை.
போன வருடமும் இதே இடத்தில்தான் விழுந்தேன்.
முழு அம்பு இல்லாத சமன்பாடுகள்:
மேலே ஒரு அரை அம்பு வலப்பக்கம் போகும்,
கீழே ஒன்று இடப்பக்கம் திரும்பும்,
தூண்டில்போல ஆளுக்கொரு முள்.

"நிக்கல்லடி, நிக்கிற மாதிரி ஈக்குது" என்றாள் நுஸ்ரத்.
மருதானையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவள்.

ஆய்வுகூடத்தில் மூன்று கண்ணாடிக் குழாய்கள்,
வாயை உருக்கி மூடியவை.
உள்ளே கபில நிற வாயு.
ஒன்றை ஐஸ் தண்ணீரில் இறக்கினோம்;
பால் கூடிய தேநீராகி, பிறகு அதுவும் வெளிறிப்போயிற்று.
சுடுநீரில் இருந்தது கறுத்தது.
மேசையில் விட்டதை நான் பத்து நிமிடம் பார்த்தேன்,
ஒரு அசைவும் இல்லை.
"இதைத்தானே நின்றது என்கிறோம்?"

நுஸ்ரத் குளிர்ந்ததையும் சுட்டதையும் துடைத்து
மேசைக் குழாயின் இரு பக்கமும் கிடத்தினாள்.
கன்டீனுக்குப் போய் ரோல்ஸ் தின்றுவிட்டு வந்தோம்.
மூன்றும் ஒரே நிறம்.
"எங்கால வந்தாலும் இங்கதான் வந்து சேருது, பாரு."
நிறம் சேர்ந்துவிட்டது. எனக்குத்தான் சேரவில்லை.

சேர்ந்தது வெள்ளவத்தையில்,
எங்கள் ஆறுமாடிக் கட்டடத்தின் படிக்கட்டில்.

லிப்ட் பழுது. தண்ணீர்க் காசு ஆள்கணக்கில்.
மாதம் பிறந்தால் காவலாளி குணபால
கீழ்ப்பலகையில் சோக்கட்டியால் ஆட்தொகை எழுதுவார்:
அறுபத்தொன்று.
தைப்பொங்கலுக்கும் அறுபத்தொன்று,
என் பெறுபேறு வந்த மாதமும் அறுபத்தொன்று.
இதற்குள் கனகசூரியர் வீட்டார் டொரொண்டோ போய்,
விசாவுக்குக் காத்திருக்க வவுனியாவிலிருந்து மூவர் வந்து,
ஐந்தாம் மாடியில் ஒரு குழந்தை பிறந்து,
அதே மாடியில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமல்...

அன்று ஒரு மெத்தை இறங்க, இன்னொரு மெத்தை ஏற,
இரண்டாம் மாடித் திருப்பத்தில் இரண்டும் இறுகிக்கொண்டன.
யார் பின்வாங்குவது என்று தெரியாமல்
இரண்டு குடும்பமும் வியர்வையோடு நின்றன.
ஐந்து நிமிடம்.
அந்த ஐந்து நிமிடம்தான் நான் எழுதிய விடை.

பிறகு மெத்தைகள் நகர்ந்தன,
எண் நகரவில்லை.

இரவிரவாகத் திருத்தி எழுதினேன்:
முன்முகத் தாக்க வீதமும் பின்முகத் தாக்க வீதமும் சமம்.
நிபந்தனை: மூடிய தொகுதி.
மூடிய என்ற சொல்லில் பேனா நின்றது.

எங்கள் வீட்டில் எது மூடும்?
கடற்பக்க யன்னல் துருவேறிப் பாதிதான் சாத்தும்.
கரையோர ரயில் போனால் அலுமாரிக்குள் கோப்பைகள் பேசும்.
கூடத்தின் நடுவில் அக்காவின் சூட்கேஸ் வாய் பிளந்தபடி,
முப்பது கிலோவுக்கு மேலே போகிறது என்று
அம்மா மிளகாய்த்தூளை வெளியே எடுப்பதும்
திரும்ப வைப்பதுமாக.

நுஸ்ரத்துக்கு வாட்ஸப் அனுப்பினேன்:
அறுபத்தொன்று தற்செயல்.
வாசல் இருக்கிற தொகுதிக்கு மாறிலி இல்லை.
பதில் உடனே வந்தது:
"பேப்பர்ல அதை எழுதிராத. ஆனா சரி."

அக்காவை விட்டுவிட்டு
கட்டுநாயக்காவிலிருந்து திரும்பும்போது விடிந்துவிட்டது.
முதலாம் திகதி.
குணபால ஒன்றை அழித்து அறுபது என்று போட்டார்,
அம்மாவின் முகத்தைப் பார்த்தார்,
உள்ளங்கையால் முழுவதையும் துடைத்தார்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
திருப்பத்துச் சுவரில் மெத்தை உரசிய நீலக் கறை.

மேசையில் கொப்பி விரித்தபடியே கிடந்தது.
மேல் அம்பை வரைந்தேன்.
கீழ் அம்பை விட்டால் புள்ளி போகும்.

வரைந்தேன்.