வரிசை நாற்பத்தொன்று

பரேலில் இறங்கிப் படியேறும்போது
எனக்கு முன்னால் ஒருவர்
ஸ்கேன் உறையை மழை படாமல்
சட்டைக்குள் செருகிக்கொண்டு போகிறார்.
மருத்துவமனை வாசல்வரை ஒரே வழி.
பிறகு அவர் இடப்பக்கம், வரிசைக்கு.
நான் மூன்றாம் மாடிக்கு.
அங்கேயும் வரிசைகள்தான்.
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
பெயர் கிடையாது.

இந்த வேலைக்கு நேர்வழியில் யாரும் வருவதில்லை.
நான் கோவில்பட்டியில் கணிதம் படித்து,
அந்தேரியில் காப்பீட்டுக் கம்பெனியில்
யார் எப்போது சாவார் என்று
நான்கு வருடம் கணக்குப் போட்டேன்.
பாதிச் சம்பளத்துக்கு இங்கே வருகையில்
மேலாளர் கேட்டார்,
"அங்கேயும் அதே கணக்குத்தானே?"
அதேதான் சார்,
விடை மாற வேண்டுமென்று
அங்கே ஆசைப்படலாம்.

முப்பத்தோரு வயதில்
பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலை
லேடீஸ் பெட்டியில் நின்றபடி படித்தேன்.
பக்கத்துப் பெண் இரக்கத்தோடு கேட்டாள்:
தீதி, நீட் எத்தனையாவது முறை?

புற்றுக்குள் கைவிடுகிறவர்கள் வேறு.
நான் வெளியே உட்கார்ந்து
மண் எண்ணுகிறவள்.

மூன்று வருட மண்
போன மாதம் ஒரு முடிவாய்த் திரண்டது:
ஒரு மரபணு பழுதானவர்களுக்கு
ஒரு மருந்து கூடுதல் நாள் தருகிறது.
வெறும் தற்செயல் இப்படி ஏமாற்ற
நூற்றில் நான்கு வாய்ப்புத்தான்.
அதை நம்பி ஒரு கட்டுரை.
கட்டுரையை நம்பி ஒரு நேர்முகத் தேர்வு.
தேர்வை நம்பி, சயானில்
ஜன்னல் இருக்கும் சமையலறை ஒன்றை
மாசிலாமணி பார்த்து வைத்திருந்தான்.

வியாழன் இரவு, சும்மா ஒரு சரிபார்ப்பு.
நாற்பத்தொன்று. ஆண், ஐம்பத்து நான்கு.
கட்டியில் ஒய் குரோமோசோம் இல்லை.
நடப்பதுதான்,
ஆண்களின் கட்டிகள் சிலசமயம்
அதைத் தொலைத்துவிடும்.
இரத்தத்தைப் பார்த்தேன்.
அதிலும் இல்லை.
இரண்டு எக்ஸ்.

வந்தனா ஷிர்கே பழைய பதிவேட்டைத்
தரைத்தளத்திலிருந்து தூக்கி வந்தாள்.
அவள் எண்கள் மராத்தியில்.
இரண்டும் மூன்றும் பூஜ்யமும்
நாம் எழுதுகிற மாதிரியேதான்.
ஒன்று மட்டும்
ஒன்பதைப் போல வளையும்.
இரண்டாயிரத்து முப்பத்தொன்றை
முப்பத்தொன்பது என்று ஏற்றியது யார்?
கணினி தேதி சொன்னது.
என் முதல் வாரம்.

முப்பத்தொன்பது, ஆண்,
மருந்துக்குப் பின் நான்கு வருடம் இருந்தவர்.
என் முடிவின் முதுகெலும்பு.
முப்பத்தொன்று, பெண்,
ஏழு வாரம்.

திருத்தி ஓட்டினேன்.
ஃபெரோஸ் சாருக்கு எழுதினேன்,
கட்டுரையை நிறுத்த வேண்டும் என்று.
ஒரே சொல்லில் பதில்: "எவ்வளவு?"
நூற்றில் பதினொன்று.
பிறகு அவர் எதுவும் எழுதவில்லை.
சயானுக்கு மாசிலாமணி போன் செய்தான்.
முன்பணம் திரும்பாதாம்.

பிஸ்கட் அட்டையின் பின்புறம்
வந்தனா எனக்கு
ஒன்று முதல் ஒன்பதுவரை எழுதிக் காட்டினாள்.
ஒன்றை மட்டும் மூன்று முறை.

பெயர் கேட்கக் கூடாது என்பது விதி.
கேட்கவில்லை.
பதிவேட்டை மூடும்போது
அந்தப் பத்தியைக் கட்டைவிரலால்
மறைத்துத்தான் பிடித்தாள்.
விரலுக்கு வெளியே ஒரெழுத்து நின்றது.
சு.
இப்போது எனக்கு
மராத்தி படிக்க வரும்.