சூரியனுக்கு எறியாத பல்

மெத்லாவி கழுவாலையில் இந்த வாரம் எனக்கு இரவு ஷிஃப்ட்.
பெல்ட்டிலிருந்து மணிக்கொரு வாளி மாதிரி எடுக்கிறேன்.
ஈரச் சாம்பல் நிறத்தில் மண்;
இரண்டு கல்லை உரசினால் அழுகிய முட்டை வாடை.
வீட்டுக்குப் போனால் என் தலைமுடியிலும் அதே வாடை.
கணவர் ஒன்றும் சொல்வதில்லை, ஜன்னலை மட்டும் திறப்பார்.

மலையை வெடி வைத்துப் பெயர்க்கிறார்கள்.
நொறுக்கித் தண்ணீரில் கரைத்துச் சுழற்றினால்
களிமண் இலேசு, வழிந்து ஓடைக்குப் போய்விடும்.
ரவை பருமனில் உருண்ட மணிகள் அடியில் நிற்கும்.
அதுதான் பாஸ்பேட், அதுதான் சரக்கு.
ரெண்டு மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவதெல்லாம் கழிவு.
கழிவில் கிடக்கும் பற்கள்.

சுறாக்களின் பற்கள், பளபளப்புக் குறையாமல்.
ஐந்து கோடி வருடத்துக்கு முன் இங்கே கடல் இருந்ததாம்.
இன்று எங்கள் தெருக்குழாய்
நாள் விட்டு நாள் இருமுகிறது, அவ்வளவுதான்.
நல்ல பங்கைக் கழுவாலை குடிக்கிறது,
மிச்சத்தைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள்.
அந்தத் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு
எங்கள் பல்லில் பழுப்பாய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறது.
என் கல்யாணப் போட்டோவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
துனிஸில் வேலை கேட்டுப் போனால்
பேரைச் சொல்வதற்கு முன்பே
ஊரைச் சொல்லிவிடுகிறது வாய்.

சோதனைக்கூடத்தில் என் வேலை சுருக்கம்.
காயவைத்து, பொடித்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து
மருந்து சேர்த்தால் குடுவை மஞ்சளாகும்.
மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ சரக்கு அவ்வளவு உசத்தி.
இருபத்தெட்டு என்றால் ஹம்மாதி ரயிலை எடுக்கலாம்.
இருபத்தைந்து என்றால் ஃபோர்மேன் ஷாஃபி என்னை முறைப்பார்,
ஏதோ நான்தான் மலையைச் சமைத்தது போல.

ரயில் காபெஸுக்குப் போகும்.
அங்கே கந்தக அமிலத்தில் குளிப்பாட்டி
உரத்துக்கு வேண்டியதைப் பிரித்துக்கொண்டு
மீந்த ஜிப்சத்தைக் கடலில் கொட்டுவார்கள்.
கடலில் பிறந்தது கடலுக்கே என்பார் ஷாஃபி.
காபெஸ் மீனவர்களிடம் சொல்லிப் பார்க்கட்டும்.
உரம் கப்பலேறும், எங்கோ கோதுமை விளையும்,
அந்தக் கோதுமையும் ஒருநாள் கப்பலேறி
எங்கள் ரொட்டிக்கடைக்கு வரும்.
வரிசை நீளமாக இருக்கும்.

பிப்ரவரியில் பையன்கள் தண்டவாளத்தில் கூடாரம் போட்டார்கள்.
பட்டம் படித்தவர்கள், வேலை கேட்டு.
ஹம்மாதி இன்ஜினை அணைத்துவிட்டு
அவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்தார்.
பெல்ட் நின்றது.
பதினொரு இரவு எனக்குச் சோதிக்க எதுவும் இல்லை.

அதில் ஓர் இரவுதான் அதைச் செய்தேன்.
கைப்பையில் துர்ஸாஃபின் பால்பல் இருந்தது,
பஸ் டிக்கெட்டில் மடித்து.
சூரியனைப் பார்த்து எறிவது எங்கள் வழக்கம்:
கழுதைப் பல்லை வாங்கிக்கொள், மான் பல்லைக் கொடு.
அன்று முழுக்க மணற்காற்று, சூரியன் தெரியவில்லை,
நாளைக்கு என்றிருந்தேன்.

பொடித்தேன். கரைத்தேன். மருந்து ஊற்றினேன்.
அப்படியொரு மஞ்சளை நான் பார்த்ததில்லை.
முப்பத்தைந்து.
ஏற்றுமதித் தரத்துக்கும் மேலே.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
குடுவையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

எறிந்தாயா என்று கேட்டாள். எறிந்தேன் என்றேன்.

ஏப்ரலில் புதுப்பல் எட்டிப் பார்த்தது,
நுனியிலேயே பழுப்புக் கோடு.
கண்ணாடி முன் உதட்டை விரலால் மடித்து
நெடுநேரம் நின்றாள்.
சூரியன் ஏமாத்திடுச்சும்மா என்றாள்.

ரயில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது,
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது.
சூரியன் மேல் தப்பில்லை என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
அவள் என் பற்களைப் பார்த்தாள்.