மரச்சீனிக் கடையில்

தக்கலைச் சந்தை. சனிக்கிழமை. சாரல்.
அரியர் எழுதிய கையோடு
ரெஹேமா என்னுடன் வந்தாள்.

மூன்று வருஷமாய் நான்தான் அவளுக்கு
ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்கிறவள்:
சக்கைக்கு, அயினிக்கு,
"பைய வா"வுக்கு.

இன்று குவியல்முன் குந்தினாள்.
ஒரு கிழங்கின் வாலை ஒடித்தாள்,
நகத்தால் தோல் சுரண்டி மோந்தாள்,
ஒதுக்கினாள்.
அடுத்தது.
"முஹோகோ" என்றாள், யாரிடமும் அல்லாமல்.

ம்வான்சாவிலிருந்து அம்மா
வீடியோவில் விலை கேட்டாள்.
பிறகு ஏசியதில்
ஒரு சொல்லும் எங்களுக்குத் தெரியாது;
ஏமாந்துவிட்டாய் என்பது மட்டும்
சந்தைக்கே விளங்கியது.

தங்கப்பழம் பேசாமல்
இன்னொரு கிழங்கைத் தட்டில் வைத்தார்.
"அம்மைட்ட சொல்லு மக்களே."

பேருந்தில் கேட்டாள்:
"மக்கள் என்றால் பலர்.
நான் ஒருத்திதானே?"

எனக்குப் பதில் தெரியவில்லை.
பை அவள் மடியில்
மண் உதிர்த்துக்கொண்டே வந்தது.