உள்ளங்கையில் 2666

மைனஸ் முப்பத்தொன்று.
வாசலைத் தாண்டிய நாலாவது நிமிடம்
கைப்பேசி கண்ணை மூடிக்கொண்டது.
படம் அதற்குள்தான் இருந்தது.
நேற்றிரவு மடிக்கணினியின் வயிற்றைத் திறந்து
பச்சைப் பட்டையின் ஒட்டுச்சீட்டை எடுத்த படம்.

உலான்பாத்தரில் பிறந்தவள்,
ஜனவரியில் பேட்டரியை நம்புவேனா?
உள்ளங்கையிலும் எழுதியிருந்தேன், நீலப் பேனாவால்.
ஆனால் கையுறைக்குள் வியர்வை.
கடைசி இரண்டு இலக்கங்கள்
ஆறா எட்டா என்று தெரியாமல்
ஊறிக் கிடந்தன.

கணினிச் சந்தை, மூன்றாம் மாடி.
துல்மாவின் கடை ஓர் அலமாரி அகலம்.
உப்புத் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு
கைரேகை பார்ப்பவள்போல
என் கையை விளக்குக்கு இழுத்தாள்.
"2666. 2688ன்னு ஒண்ணை
இதுவரைக்கும் யாரும் செய்யல.
டிடிஆர் மூணா, நாலா?"
நாலு.
"நிச்சயமா?"
நிச்சயமாகத்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன்.

இரண்டு பட்டைகளை அருகருகே வைத்தாள்.
தங்கப் பற்களின் வரிசையில் ஆளுக்கொரு வெட்டு,
ஒன்றின் வெட்டு மற்றதைவிட
ஓர் அரிசி தள்ளி.
"தப்பானது உள்ளயே போகாது. அழுத்தினாலும் போகாது.
அழுத்தி உடைச்சுட்டு வர்றவங்களும் உண்டு."
என் அலுவலக நியமன உத்தரவுகளிலும்
இப்படி ஒரு வெட்டு வைத்திருக்கலாம்.

2666 அவளிடம் இல்லை. 3200 இருந்தது.
"பரவாயில்ல.
பக்கத்துல இருக்கிறவன் மெதுவா நடந்தா
இவனும் நடையைக் குறைச்சுக்குவான்."
பிறகு, கால்குலேட்டரைத் தட்டியபடி:
"விலை மட்டும் குறையாது."

எதற்கு இத்தனை என்று கேட்டிருந்தால்
சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

செயற்கைக்கோள் படங்களைத் தைப்பது என் வேலை.
எட்டு ஜிபியில் துந்த்கோவி பாதிதான் திறக்கும்.
மேற்கே பழுப்பு, பாறை, உறைந்த ஓடை, எல்லாம் வரும்.
கிழக்கே வெள்ளை.
அது பனியா,
இன்னும் வந்து சேராத படமா
என்று சொல்ல முடியாமல்
மூன்று நாளாக விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
அங்கே கன்சோரிக்
ஐந்து லாரி புல்கட்டோடு
பிரிசாலையில் நிற்கிறான்.
"எந்தப் பக்கம்?" என்கிறான் தினமும்,
எஞ்சினை அணைக்காமல்.

வீடு. கோட்டைக் கழற்றினால் பொறி பறக்கும் காற்று.
முதலில் ஹீட்டர் குழாயைத் தொட்டேன், பிறகு பட்டையை,
பயத்தில் மறுபடி குழாயை.
சாய்த்துச் செருகி, கீழே அமுக்க,
இருபுறமும் கொக்கிகள் "டிக்".
ஒன்று முன்னே, ஒன்று பின்னே.

பொத்தான்.

கருப்பு.

விசிறி சுற்றுகிறது, திரை கருப்பு.
புதியதும் பழையதும் முதல்முறை ஒன்றையொன்று
அளந்து பார்க்கும், ஒரு நிமிடம் பொறு என்று
துல்மா சொன்னது
அப்போது நினைவுக்கு வரவில்லை.
கொன்றுவிட்டேன் என்றே உட்கார்ந்திருந்தேன்.
நாற்பது நொடி இருக்கும்.
அதற்குள் இரண்டு மாதச் சம்பளத்தை
மனதுக்குள் கடன் வாங்கி முடித்திருந்தேன்.

வெளிச்சம்.
பதினாறு என்று காட்டியது.

வரைபடத்தைத் திறந்தேன்.
மேற்கு வந்தது, ஒரே மூச்சில்.
கிழக்கு வந்தது.
எல்லா ஓரங்களும், எல்லாக் கட்டங்களும்
வந்து முடிந்தன என்று கீழே பச்சைக் கோடு.
வெள்ளை போகவில்லை.

பெரிதாக்கினேன். வெள்ளை.
இன்னும். ஒரு கிணற்றின் நிழல்,
அதைச் சுற்றி, புள்ளி புள்ளியாக,
நகராத எதுவோ.

இயந்திரத்தின் குறையாகத்தான் இருக்க வேண்டுமென்று
இத்தனை நாள் வேண்டிக்கொண்டிருந்தது
அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கைப்பேசி சூடேறி உயிர்த்திருந்தது.
"கிழக்கே திருப்பு" என்றேன்.
"இப்பவே."

சோப்பு போட்டும்
இரண்டு நாள் இருந்தது கையில்
அந்த நீலம்.