பன்னிரண்டு மணி வெளிச்சம்

ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில், எங்கள் ஊரில்
இரண்டு மாதம் சூரியன் இல்லை.
எங்கோ உதித்து எங்கோ விழுகிறது.
நடுவில் மலை.

நவம்பரில் நான் எழுந்திருப்பதை நிறுத்தினேன்.
நிறுத்தினேன் என்பது தவறு,
நின்றுபோனது.
குளிப்பது ஒரு மலை. காலுறை இன்னொன்று.
பல் விளக்க வேண்டும் என்று நினைப்பேன்,
நினைப்பிலேயே பொழுது சாய்ந்துவிடும்.
இங்வார், நீ ஒன்றும் கேட்காமல்
மீன் வேகவைத்தாய்.

இதற்கொரு மாத்திரை உண்டு.
மூன்று வருடத்துக்கு முன்
வேறொரு மருத்துவர் அதை மட்டும் கொடுத்தார்.
பத்தாம் நாள் பாடிக்கொண்டே எழுந்தேன்.
அடுக்களையில் என்னைக் கட்டிக்கொண்டு
"வந்துவிட்டாயா" என்றாய்.

வந்தவள் நான்கு இரவு தூங்கவில்லை.
பக்கத்து வீட்டுப் படகுக்கு
கேட்காமலே மஞ்சள் அடித்தாள்.
வீட்டை அடகு வைத்து
பதினோரு அக்கார்டியன் வாங்கினாள்,
ஊருக்கு ஓர் இசைப்பள்ளி வேண்டுமாம்.
வாசிக்கத் தெரியாது அவளுக்கு.
உன் அம்மாவைப் பார்த்து அவள் சொன்ன ஒரு சொல்லை
இன்றுவரை யாரும் எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன்,
அவள் அழகாக இருந்தாள்.
வெட்கக்கேடே அதுதான்.

ஸ்டெய்னுன் மருத்துவர் அவசரப்படுவதில்லை.
"கடலில் விழுந்தவளைப் படகுக்குள் இழுக்கிறோம்.
இழுத்த வேகத்தில்
மறுபக்கக் கடலில் போட்டுவிடக் கூடாது" என்றார்.

முதலில் உப்பு.
இருபது வருடம் ஆலையில்
காட் மீனுக்கு உப்பிட்டவள் நான்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்,
எந்த மீன் என்னை நினைத்தது?
இப்போது லித்தியம் என்றோர் உப்பு
என் ரத்தத்தில் ஓடுகிறது.
ஊசி குத்தி அளக்கிறார்கள்:
கூடினால் விஷம், குறைந்தால் வெறும் மண்.
கை நடுங்குகிறது.
தட்டின்மேல் கோப்பை
தனக்குத்தானே பேசிக்கொள்கிறது.

பிறகுதான் வெளிச்சம்.
சூட்கேஸ் அகலத்தில் ஒரு விளக்குப் பெட்டி.
காலையில் வேண்டாம் என்றார்,
காலை வெளிச்சம் சிலரை
அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுமாம்.
நண்பகல் பன்னிரண்டுக்கு, பதினைந்து நிமிடம்.
அடுத்த வாரம் முப்பது.
இரவு பத்துக்குப் படுக்கை.
தூங்கிய மணியை நோட்டில் எழுத வேண்டும்.
ஏழு. ஏழு. ஆறரை. ஏழு.
ஆறரையின் கீழே
பென்சிலால் நீ கோடு போட்டிருந்தாய்.

ஜனவரிக் கடைசி.
மலை விளிம்பில் ஐந்து நிமிடம் சூரியன்.
அதற்காக ஊரே காப்பி குடித்தது,
சர்க்கரை தூவிச் சுருட்டிய பான்கேக் தின்றது.
நம் மேசையில் உன் தம்பி
பனியில் புதைந்த தன் டிராக்டரைப் பற்றிச் சொன்னான்.
சிரித்தேன்.
பிறகு இன்னொரு முறை.

மேசை அடங்கிவிட்டது.
நீ கரண்டியைக் கீழே வைத்தாய்.
ஒருமுறை வீடு எரிந்தவன்
அடுப்பைப் பார்ப்பதுபோல் பார்த்தாய்.

கோபம் பொங்கியது.
சிரிக்கவும் சீட்டு வாங்க வேண்டுமா?
கத்தியிருப்பேன்.
ஆனால் நானும் உள்ளே தேடிக்கொண்டிருந்தேன்:
சொற்கள் முண்டியடிக்கின்றனவா,
சர்க்கரை அளவுக்கு மேல் மின்னுகிறதா,
அந்த மஞ்சள் படகு
இனிப்பாக ஞாபகம் வருகிறதா.

காலுறை ஈரமாயிருந்தது.
அது தெரிந்தது.
பிறகு கொட்டாவி வந்தது,
அத்தனை பேர் முன்னால்
வாயைப் பிளந்து விட்டேன்.
உன் தோள்கள் இறங்கின.

பத்துக்கு எத்தனை என்று கேட்பார் ஸ்டெய்னுன்.
நாலு என்பேன்.
டிசம்பரில் ஒன்று.
நாளையிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம்.

பதினொன்றில் பத்தை விற்றுவிட்டோம்.
ஒன்று கட்டிலுக்கடியில் இருக்கிறது.
பெருக்கும்போது நீ நகர்த்துவாய்,
துணி மடிக்கும்போது நான்.
மூச்சுவிடுவதுபோல் சின்னதாய் ஒரு சத்தம் வரும்.
அதைப் பற்றி
இருவரும் இன்னும் பேசவில்லை.